மூத்தாருக்காக ஊற்றிய தண்ணீர்

தலை நாறியது. இதை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கண்ணுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளும் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஒரு மாதத்துக்குப் படக்கூடாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சித்திரை மாசம். எங்கள் திருவண்ணாமலையில் சித்திரை வெயில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பாறை மலை சூடேறி ஊரையே வேகவைக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் தடவிய பழுப்பு மருந்து புருவத்தில் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. பிளாஸ்திரிப் பசை காதோர முடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையணை உறையைத் தினமும் மாற்றினேன், மறுநாள் காலையில் அது மறுபடி மஞ்சளாக இருந்தது. புளித்த மாவில் பழைய எண்ணெயைக் கலந்தது போன்ற வாடை. முதல் நாள் அது எங்கிருந்து வருகிறது என்று அறை முழுக்கத் தேடினேன். என்னிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்தபோது சீ என்றாகிவிட்டது.

நான் சுத்தக்காரி. இது நானே வைத்துக்கொண்ட பேர் இல்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிதிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கே கிளார்க்காக இருந்தேன். என் டம்ளரை யாரும் தொட மாட்டார்கள். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டேன். பக்கத்து செக்‌ஷன்காரர்கள் எச்சில் தொட்டு ஃபைலைப் புரட்டுவதைப் பார்த்தால் மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்காது. "சுத்தக்காரம்மா வர்றாங்க, விரல வாயில வைக்காதீங்கப்பா" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது முதல் கண்ணை ஆபரேஷன் செய்த அன்று இல்லை, அதற்கு ஒரு மாதம் கழித்து, மறுபடி சமையலறைக்குள் போன அன்று. அதுவரை புரையின் புண்ணியத்தில் எல்லாம் மெத்தென்று மங்கலாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கண் தெளிந்ததும் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் சுவரில் எண்ணெய் வழிந்து, அதில் தூசு படிந்து, அந்தத் தூசில் முடி. மிக்சிக்கு அடியில் சட்னி கறுத்துக் கெட்டியாகியிருந்தது. ஊறுகாய் ஜாடி வாயில் பச்சையாகப் பூசணம். அலமாரி மூலையில் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நான்கைந்து வருஷமாக இந்தச் சமையலறையில் சமைத்துத்தான் ஊரில் இருப்பவர்களை எல்லாம் அழுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் சோடா உப்பும் வெந்நீருமாகத் தேய்த்தேன்.

ஆனால் ஒரு கண்ணால் முழு வேலை ஆகாது. டிகாஷன் டம்ளருக்குள் விழாமல் பக்கத்தில் விழும். ஊசியில் நூல் கோர்க்கப் போனால் நூல் காற்றில்தான் போகும். ஒரு நாள் கத்தரிக்காய்ப் பொரியலில் என் வீட்டுக்காரர் எதையோ ஒதுக்கி இலையோரம் வைத்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போடத் தெரியாத மனுஷன். குனிந்து பார்த்தேன். புழு. வெந்த புழு. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். "எப்பவாவதுதான்" என்றார். எப்பவாவதாம்! அதற்கப்புறம் ஒரு வாரம் நான் சமைத்ததை என்னாலேயே தின்ன முடியவில்லை. அதனால்தான் இரண்டாவது கண்ணையும் செய்துகொள்ளப் போனேன். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர், பெரிய கண் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். "இந்தக் கண்ணு முதல் கண்ணைவிட நல்லா வரும்மா. ரெண்டும் சேர்ந்தாத்தான் உங்களுக்குக் கிட்டம் தூரம் சரியா தெரியும். ஒரு மாசம் மட்டும் தண்ணி படாம பாத்துக்குங்க" என்றார். அந்த ஒரு மாசத்தில்தான் ஐந்தாவது நாள் காலையில் இருந்தேன்.

இங்கே என் மூத்தாரைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன், கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் வைத்தவர். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்பார்கள். எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய காறல்தான். அடிவயிற்றிலிருந்து ஆரம்பிக்கும், தொண்டையில் சுற்றும், கடைசியில் எங்கள் வீட்டு வாசல் சுவரில் வந்து விழும். வெற்றிலைச் சிவப்பு வேறு. சாப்பிட்டால் சாம்பார் முழங்கை வரை வழியும், அதை நாக்கால் வழித்துக்கொள்வார். கட்டிலில் உட்கார்ந்து கால் நகத்தைக் கையாலேயே பிய்த்து அங்கேயே போடுவார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்துவிடுவார். கிரிவலக் கூட்டம் பெருத்துப்போன பிறகு ஊரில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இருக்கும் கஷ்டம்தான் இது. சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து நம் வீட்டுக் கக்கூசை நிரப்பிவிட்டு மலை சுற்றப் போவார்கள். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து, அந்த ரோட்டில் கிடக்கும் எச்சில் தொன்னை, வாழைப்பழத் தோல், சாணி எல்லாவற்றையும் உள்ளங்காலில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். மூத்தார் அந்தக் காலைக் கழுவாமலே என் படுக்கை விரிப்பில் நீட்டிக்கொள்வார். "சாமியச் சுத்தின காலும்மா, கழுவினா புண்ணியம் போயிடும்" என்பார்.

எல்லாவற்றையும்விட அந்தச் சொம்பு. அண்ணாந்து குடிக்கத் தெரியாத மனுஷர். உதட்டை நன்றாக வைத்து, மீசை நனைய உறிஞ்சிவிட்டுக் கீழே வைப்பார். அவர் போனதும் அந்தச் சொம்பைப் புளி போட்டு ஒரு தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை, சோப்பு போட்டு ஒரு தடவை தேய்ப்பேன். ஒரு முறை தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆள் நிற்பது போலிருந்தது. திரும்பினால் அவர் சம்சாரம், என் ஓரகத்தி. வேனில் ஏறப் போனவள் மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மூத்தவள் என்றாலும் என்னை ஒரு நாளும் "டி" போட்டுப் பேசியதில்லை. ஆபீஸ் உத்தியோகக்காரி என்று ஒரு மரியாதை.

ஐந்தாவது நாள் காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. மூத்தாரின் பெரிய மகன். மூத்தார் கொஞ்ச நாளாகவே படுத்த படுக்கைதான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. கட்டில்லயே உயிர் போயிருக்கு" என்று சொன்னது எனக்கும் கேட்டது. வீட்டுக்காரர் போனை வைத்தார். ஒரே அண்ணன். பிறகு பை எடுத்தார், வேட்டி எடுத்து வைத்தார். கிளம்பும்போது என் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "நீ வரவேணாம். சேதி கேட்டுட்டோம்னு தலைக்கு ஊத்திக்கிற வேலையெல்லாம் வச்சுக்காத. மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கோ, போதும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். சரிங்க என்றேன்.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் இருந்த இடத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்ளவேண்டும். சாவுக்குப் போகமுடியாதவர்கள் கட்டாயம் ஊற்றிக்கொள்வார்கள். பிள்ளை பெற்றவள், காய்ச்சல்காரர், ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர்ச் சலுகை உண்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், நான் அடுப்பில் குண்டானை ஏற்றிவிட்டேன். ஒரு மனுஷர் செத்துப் போன சேதி வந்து அரைமணிகூட ஆகவில்லை, எனக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது. ஐந்து நாளாக அரித்த தலைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கண்ணின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பிய்த்துக் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். சீயக்காயைக் கெட்டியாகக் கரைத்தேன். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் கண்ணில் படாது என்று கணக்கு. முதல் சொம்பு வெந்நீர் மண்டையில் விழுந்ததும் கணக்கெல்லாம் எங்கேயோ போயிற்று. நகம் வலிக்கும் வரை தேய்த்தேன். ஐந்து நாள் பிசுக்கு பழுப்பு நுரையாகக் காலடியில் ஓடியது. சீயக்காய் நெற்றியில் வழிந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. எரிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை, இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

சாயங்காலம் திரும்பி வந்த வீட்டுக்காரர் சீயக்காய் மணக்கும் என் தலையைப் பார்த்து அதிர்ந்துபோனார். "என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "மனசு கேக்கலீங்க. பெரியவரு இல்லியா." அந்த மனுஷர் கண் கலங்கிவிட்டார். மறுநாள் பால் தெளிக்கப் போனபோது அங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி கீழ்பென்னாத்தூர் முழுக்க என் பேச்சுதான். கண்ணைக்கூடப் பார்க்காமல் மூத்தாருக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்ட மகராசி! போனில் இரண்டு மூன்று பேர் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அடக்கமாகப் பதில் சொன்னேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலையில் புதிதாக ஆபரேஷன் ஆன கண் திறக்கவில்லை. இமை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் கொழகொழவென்று மஞ்சளாக வந்தது. பிரித்துப் பார்த்தால் வெறும் பால் வெள்ளை, அந்தக் கண்ணுக்கு ஜன்னல் எது சுவர் எது என்று தெரியவில்லை. உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலி. கார் வைத்துக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். முகம் மாறிப்போயிற்று. "தண்ணி பட்டுதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "எங்கண்ணன் தவறிட்டாருங்க. எங்க வழக்கப்படி தலைக்கு ஊத்திக்கணும், அதான்" என்று பெருமையும் பயமுமாகச் சொன்னார். "செத்தவருக்கு உங்க கண்ணு எதுக்கும்மா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மணிக்கு ஒரு தரம் சீழைத் துடைத்தெடுத்தார்கள். துடைத்த பஞ்சு கட்டிலுக்குக் கீழே வாளியில் சேர்ந்து, அதில் ஈ உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா இருமி இருமி ஒரு டப்பாவில் துப்பினார். அவர் மேல் எனக்கு அருவருப்பு வந்தபோது, என் முகத்தைப் பார்த்து அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வதைக் கவனித்தேன். மூத்தாருக்கு நான் பொத்திய அதே மாதிரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பேச்சுக்குச் சொல்வோம், எனக்கு அது நிஜமாகவே நடந்தது. கண்ணை எடுக்கவேண்டி வருமோ என்ற பயம் மட்டும் ஒரு வாரத்தில் நீங்கியது. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்லமுடியாது என்றார்கள்.

வீடு திரும்பிய பிறகும் இரண்டு மணிக்கு ஒரு தரம் மருந்து. வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது, சொட்டு கன்னத்தில்தான் விழும். பிள்ளைகள் வெளியூரில். இந்தச் சமயத்தில்தான் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் ஓரகத்தி ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றாள். புருஷன் செத்தவள் முதலில் பிறந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும், வேறு வீட்டுப் படி ஏறக்கூடாது. "உன்னை இப்படி வுட்டுட்டு எங்க போறது? ஊரு என்னா வேணா பேசிக்கட்டும்" என்றாள்.

அவள் விரலைப் பார்த்தேன். நகத்துக்குள் கறுப்பு. நுனியில் சுண்ணாம்பும் புகையிலைக் கறையும். அந்த விரல் என் இமையைப் பிரிக்கப் போகிறது என்று நினைத்ததும் உடம்பு கூசியது. "அக்கா, சோப்பு போட்டுக் கழுவிடுங்க" என்றேன். கழுவினாள். "இன்னொரு தரம்." கழுவினாள். மூன்றாம் தரமும் சொன்னேன். முணுமுணுக்காமல் மறுபடி போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். மருந்து நேராகக் கண்ணுக்குள் விழுந்தது, ஒரு சொட்டு வீணாகவில்லை.

நாலைந்து நாள் போனபின் ஒரு மத்தியானம் தானாகப் பேசினாள். "சாவு அன்னிக்கு எனக்கு அழுகையே வரல. பசங்க ரெண்டு பேரும் அந்தக் கட்டில எப்ப கொளுத்தறதுன்னு நின்னுகினு இருந்தானுங்க. அவரு இருந்த ரூமு நாத்தம் போனா போதும்னு எனக்கே இருந்துது. வந்தவங்க எல்லாம் துண்டால மூக்கப் புடிச்சிகினுதான் மாலை போட்டாங்க. மறுநாளு உன் வீட்டுக்காரரு வந்து நீ தலைக்கு ஊத்திக்கினேன்னு சொன்னாரு. அதக் கேட்டப்புறம்தான் எனக்கு அழுகை வந்துது. அப்படி அழுதேன்."

எனக்கும் கண்ணீர் முட்டியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ அழக்கூடாது, கண்ணுக்கு ஆவாது" என்று எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு சொட்டு மருந்துக்கும் அந்தப் பொய் எனக்குள் புரண்டது. அவள் விரலில் இருந்த அழுக்கெல்லாம் என்ன அழுக்கு!

ஒன்றரை மாதம் கழித்துத் தலைக்கு ஊற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தக் கண்ணில் எழுத்து தெரியாது, முகம் தெரியாது, ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான் மிச்சம் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். டம்ளருக்கு வெளியேதான் இனி என் டிகாஷன் விழும். மறுநாள் ஓரகத்தி வெந்நீர் போட்டு, என்னைக் குளியலறையில் முக்காலியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே சீயக்காய் தேய்த்தாள். ஒன்றரை மாதத்து அழுக்கு அவள் விரல்களில் உருண்டு வந்தது. அந்த நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"அக்கா" என்றேன். "அன்னிக்கு நான் அவருக்காக ஊத்திக்கல. தலை அரிச்சுது, நாறுச்சு. அதுக்காகத்தான் ஊத்திக்கிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்டி" என்றாள். "அவரு வாய் வச்ச சொம்ப மூணு தரம் தேய்க்கறவ நீ. அவருக்காவா ஊத்திப்ப?"

எனக்கு உள்ளங்கால் வரை கூசியது.

"ஆனா வெளிய சொல்லிக்காத" என்றாள். "அவரப் பத்திச் சொல்ல ஊருல வேற நல்ல சேதி எதுவும் இல்ல. இது ஒண்ணாவது இருக்கட்டும்."

பிறகு சொம்பை நிரப்பித் தூக்கினாள். "சீயக்கா இறங்குது, கண்ண மூடிக்கோ" என்றாள். மூடிக்கொண்டேன்.